வாவிக்கரையில் விலங்கும் ஒளிப்படமும்

மட்டக்களப்பு வாவிக்குப் பெரும்புகழ் தேடித்தந்த உயிரினத்துக்கு ஒளிப்படம் இல்லை. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டு இங்கு வந்து, இரவிலே தோணியிற் சென்று, நீரடியிலிருந்து எழுந்த இன்னொலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை விரிவாக வருணித்தார். அவ்வொலியை எழுப்புவது 'ஊரி' என்று மீனவர் தமக்குக் கூறியதையும் குறித்து வைத்தார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892-1947) அதனை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடினார். மீனா ஊரியா என்ற வழக்கு முற்றாகத் தீர்ந்தபாடில்லை. மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அப்பெயரை விளக்க முனையும் வாழ்த்தட்டைகள் நிலவையும் நீரையும் கல்லடிப் பாலத்தையும் காட்டி அமைகின்றன. பாடும் உயிரை அவற்றாற் காட்ட இயலாது. செவிக்கும் நாவுக்கும் உரியதாக வாழ்ந்த ஓர் உயிரினம் கண்ணுக்கு அகப்படாமலே ஒரு பிரதேசத்தின் அடையாளமாயிற்று என்பது, ஒளிப்படம் பற்றிச் சிந்திப்போர் தொடக்கத்திலேயே மனங்கொள்ளவேண்டிய ஒன்று.

விலங்கொன்றின் ஒளிப்படம் எதனால் வலிமை பெறுகின்றது என்ற வினாவுக்கு ஒளிப்படக் கழகங்கள் ஆயத்தமான விடைகளை வைத்திருக்கின்றன. விலங்கின் கண் துலக்கமாக விழவேண்டும்; கருவி அதன் கண்மட்டத்துக்குத் தாழவேண்டும்; ஒளி சாய்வாக விழும் காலைப்பொழுதும் மாலைப்பொழுதும் சிறந்தவை; பின்புலம் துப்புரவாக இருக்கவேண்டும்; செயலின் உச்சக்கணம் அகப்படவேண்டும். இவற்றைப் பயனற்றவை எனத் தள்ளுதல் அறியாமை. தரையோடு தரையாகப் படுத்திருந்து எடுத்த படத்துக்கும் வாகனத்தின் மேலிருந்து எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கலையறியாதவரும் உணர்வர். மேலிருந்து நோக்கப்படும் விலங்கு சிறுமைப்படுகின்றது. ஒத்த மட்டத்தில் நோக்கப்படும் விலங்கு நம்மைத் திருப்பி நோக்குகின்றது. ஆயினும் இவ்விதிகளுள் ஒன்று எனக்கு நெடுங்காலமாகவே ஐயத்தைத் தந்துவந்துள்ளது. அது பின்புலம் துப்புரவாக இருத்தல் என்பது. எதனைத் துப்புரவு செய்கிறோம்? வாவியில் நீர்க்காகம் ஒன்று தறியின்மேற் சிறகுலர்த்தும் படத்தைக் காணாத கண்காட்சி இல்லை. அந்தத் தறி தானாக நீரில் முளைத்ததன்று. வலைகட்டும் மீனவர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று நட்டது. படத்தில் தறி இருக்கும், வலை வெட்டப்பட்டுவிடும், மீனவர் தோன்றவே மாட்டார். பறவையும் மனிதனும் ஒரே மீனுக்காக ஒரே நீரில் நிற்கின்றனர் என்ற உண்மை, அழகின் பெயரால் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றது.

தமிழிலக்கியம் பயின்றோருக்கு இவ்வாறு தனித்து நிற்கும் விலங்கு புதியது. தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்துரைக்குமிடத்து விலங்கும் பறவையும் மரமும் உணவும் பறையும் தொழிலும் தெய்வமும் ஒரே வரிசையில் வைத்தெண்ணப்படுகின்றன. யானை குறிஞ்சிக்குரியது எனின், தினைப்புனமும் காவற்பரணும் அதனுடன் சேர்ந்தே வரும். புனத்தை மேயவரும் யானையும் புனங்காக்கும் மனிதரும் ஒருவரையொருவர் வரையறுப்பர். திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்தியாவின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரை இவ்வகையில் வழிகாட்டியாகும். திணைமரபைப் பொற்காலமாக்கி அதற்குத் திரும்பவேண்டும் என்பது என் கருத்தன்று. அக்கவிஞர் விலங்கை அது வாழும் நிலத்தினின்றும் அந்நிலத்தில் நடைபெறும் உழைப்பினின்றும் பிரித்துக் காணவில்லை. பிரித்துக் காணும் பழக்கம் பிற்காலத்தது. அது எவ்வாறு வந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஆங்கிலத்தில் துப்பாக்கியாற் சுடுதலுக்கும் ஒளிப்படம் எடுத்தலுக்கும் ஒரே வினைச்சொல் வழங்குகின்றது. நாம் அவர்களைக் குறைகூறுமுன் நமது வழக்கையும் நோக்கவேண்டும். யானையையும் பிடிக்கிறோம், படத்தையும் பிடிக்கிறோம். சொல்லொற்றுமை தற்செயலாகலாம், வரலாற்றொற்றுமை தற்செயலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானையைக் கொல்வதற்குக் குடியேற்ற அரசு வெகுமதி வழங்கிற்று. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது என ரெனன்ற் பதிவுசெய்கிறார். மேஜர் றொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்று, 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் என்னும் வேட்டையாளர் ஊவாவுக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிக் காட்டைப் 'பூங்கா' என அழைத்தார். வேடரும் சேனைப்பயிர் செய்வோரும் வாழ்ந்த நிலம் வேட்டைக்கு வந்தவரின் கண்ணுக்குப் பூங்காவாகத் தோன்றிற்று. சட்டகத்தைத் துப்புரவு செய்யும் வேலை ஒளிப்படக் கருவி காட்டுக்குள் வருமுன்னரே தொடங்கிவிட்டது எனலாம்.

கருவி வந்தபோதும் உயிருள்ள காட்டு விலங்கை அதனால் எடுக்க முடியவில்லை. 1851இல் அறிமுகமான ஈரத்தகட்டு முறையிலே தகட்டைப் பூசி, ஈரம் உலருமுன் ஒளிகாட்டி, உடனே கழுவவேண்டும். ஒளிகாட்டும் நேரம் பல விநாடிகள். அத்தனை விநாடிகள் அசையாதிருக்கும் காட்டு விலங்கு இறந்த விலங்கே. ஆகவே கொழும்பிலும் கண்டியிலும் இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிலையங்கள் பழக்கிய யானைகளைப் பாகரோடு ஆற்றில் நிறுத்திப் படமெடுத்து விற்றன. வேட்டையாளர் கொன்ற விலங்கின்மேற் காலூன்றி நின்று படமெடுத்துக்கொண்டனர். இறந்த விலங்கு முன்னே, துப்பாக்கி குறுக்கே, வெள்ளையர் நடுவே, மோப்பம் பிடித்து வழிகாட்டிய ஊரவர் ஓரத்தே எனும் அமைப்பு ஒரு தலைமுறைக்கு விலங்கு ஒளிப்படத்தின் இலக்கணமாயிற்று. உலர்தகடு வந்தபின் நிலை மாறிற்று. மைபிரிட்ஜ் 1878இல் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் நிலம் தொடாத கணத்தைக் காட்டினார். மறே 1882இல் பறவைகளின் பறப்பைப் பதிவதற்குத் துப்பாக்கி வடிவிலேயே கருவி அமைத்தார். ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர் 1905இல் வெளியிட்ட ஆபிரிக்க நூலின் தலைப்பிலேயே மின்வெட்டொளியும் துப்பாக்கியும் இணைந்து வந்தன. இந்திய வனச்சேவை அதிகாரியான சம்பியன், துப்பாக்கியை விடுத்து, புலி தன் காலாலேயே கம்பியை இடறித் தன்னைப் படமெடுக்குமாறு செய்த படங்களை 1927இல் நூலாக்கினார். கொலை நீங்கிற்று. ஆயினும் தனியொருவர் விலங்கை வென்றார் என்ற கதை நீங்கவில்லை.

அக்கதையில் மறைக்கப்பட்டவர் யாவர்? வாவியின் வடபால் உள்ள ஏறாவூரின் பணிக்கர் யானை பிடித்தலிற் பெயர்பெற்ற முஸ்லிம் மக்கள். காற்றின் திசையறிந்து, தோற்கயிற்றோடு கால்நடையாக யானையை அணுகிச் சுருக்கிடும் அவர்தம் திறமை தலைமுறைகளாக வந்த தொழிலறிவு. எந்தப் பருவத்தில் எந்தக் குளத்துக்கு யானை இறங்கும், எவ்வளவு தூரத்தில் அது மனித வாடையை உணரும், காதை விரிப்பதற்கும் துதிக்கையைச் சுருட்டுவதற்கும் என்ன பொருள் என்பனவெல்லாம் விலங்கு ஒளிப்படக்காரர் இன்று கற்கவேண்டிய பாடங்கள். இவற்றைக் கற்றவரின் படத்தில் விலங்கு அஞ்சாமல் நிற்கும். கல்லாதவரின் படத்தில் அது ஓடும்; அன்றேல் தாக்க வரும். அவ்வாறு தாக்கவரும் படத்தையே பரிசுக்கு அனுப்புகின்றனர் என்பது வேறு கதை. வலிமையான விலங்கு ஒளிப்படங்கள் பலவற்றின் பின்னால் பெயர் குறிக்கப்படாத வழிகாட்டி ஒருவரின் அறிவு மூலதனமாக நிற்கின்றது. படத்தின் உரிமை ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் உரியதாதல் கலைத்துறைக்கு மட்டும் உரிய விதியன்று.

இதே காலத்தில் கருவி மனிதர்மீதும் திரும்பிற்று. சராசின் உறவினர் இருவர் 1890களின் தொடக்கத்தில் வேடர்பற்றிப் படத்தகடுகளுடன் பெருநூல் வெளியிட்டனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையோர வேடரும் இடம்பெற்றனர். சத்திரசிகிச்சை நிபுணரான ஸ்பிற்றல் 1924இல் வேடரையும் காட்டையும் ஒரே நூலுக்குள் வைத்தார். அவர் மனமார்ந்த அன்புடையவர். அழிவை எண்ணி வருந்தியவர். அவ்வருத்தத்தின் பார்வையிலோ விலங்கும் வேடரும் மறைந்துபோகும் இயற்கையின் இரு மாதிரிகளாயினர். காட்டை அழித்த பெருந்தோட்ட மூலதனம் எந்தப் படத்திலும் விழவில்லை. முதலாளித்துவம் வளர வளர விலங்கு மனிதவாழ்விலிருந்து விலகிக் காட்சிப்பொருளாகின்றது என ஜோன் பேர்கர் 1977இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். ஐரோப்பிய நகரங்களை நோக்கி அவர் கூறியது இலங்கைக்கு முழுதும் பொருந்தாது. இங்கு விலங்கு காட்சிப்பொருளாகிய அதே வேளையில் வயலிலும் பட்டியிலும் உழைப்புக் கருவியாகவும் தொடர்ந்தது. ஒரே நாட்டில் இரு விலங்குகள் உருவாயின: படத்துக்குரிய விலங்கு, பயிருக்குரிய விலங்கு.

1936இல் 'லோரிஸ்' என்ற இதழ் தோன்றிற்று. 1937இல் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலையும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. வேட்டையைக் கட்டுப்படுத்திய இந்நடவடிக்கைகள் இன்றியமையாதவை. அவை இல்லாதிருப்பின் எஞ்சிய விலங்குகளும் எஞ்சியிரா. ஆனால் மனிதரற்ற காடே உண்மையான காடு என்ற படிமம் இவற்றோடு சேர்ந்து சட்டவலுப் பெற்றது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதே அரசு மறுபுறம் காட்டை வெட்டத் தொடங்கிற்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளையாற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிற்று. நீரேந்து பரப்பைக் காக்க 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைந்தது. ஆற்றின் கீழ்ப்பால் வயலும் கரும்பும் குடியேற்றமும் பரந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. நிலம் எவருக்கு என்ற வினா இனங்களுக்கிடையிலான வினாவாக மாறிய வரலாறு யாவரும் அறிந்ததே. யானையின் பழைய வழித்தடங்களும் அதே நிலத்தில்தான் கிடந்தன. பூங்காவுக்குள் நின்ற யானை படமாயிற்று. எல்லையைக் கடந்து வட்டைக்குள் இறங்கிய யானை பிரச்சினையாயிற்று.

தமிழர் நடுவே இப்படிமத்தை உடைத்தவராக மா. கிருஷ்ணனைக் (1912-1996) குறிப்பிடவேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனார் அவர். 1950 முதல் இறக்கும்வரை கல்கத்தா நாளேடொன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்த பருத்த கருவியால், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். விலையுயர்ந்த வில்லையே வலிய படத்தைத் தரும் என்ற வணிக நம்பிக்கைக்கு இதனினும் நல்ல மறுப்பு இல்லை. அவருடைய யானைப் படங்களில் மூங்கிலும் புல்லும் புழுதியும் யானைக்குச் சமமான இடத்தைப் பெறுகின்றன. யானையின் தோலும் மரத்தின் பட்டையும் ஒன்றையொன்று விளக்குகின்றன. விலங்கை வெட்டியெடுத்து வைக்காமல் அதன் இடத்தில் வைத்துக் காணும் இப்பார்வையைத் தந்தையாரின் சமூக நாவல்களிற் காணும் யதார்த்தவாதத்தின் தொடர்ச்சியாகக் கொள்ள எனக்கு விருப்பம் உண்டு. ஆயினும் கிருஷ்ணனின் காட்டிலும் மனிதர் அரிதாகவே வருகின்றனர். அவ்வகையில் அவரும் தம் காலத்தவரே.

கிழக்கிலங்கையில் இத்தகைய கலை வளர்வதற்கு அமைதி வேண்டியிருந்தது. 1990 முதல் 2007 வரை வாவியின் இரு கரைகளும் இருவேறு ஆட்சிகளின் எல்லைகளாய்ப் பலகாலம் கிடந்தன. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் துறைகடப்பவர் கையில் ஒளிப்படக் கருவி இருத்தல் ஐயத்துக்கு இடமானது. கருவியோடு காட்டோரத்தில் விடியும்வரை காத்திருத்தல் என்பது கற்பனைக்கும் எட்டாதது. அக்காலத்தில் இப்பிரதேசத்திலிருந்து வெளிவந்த படங்கள் மனிதப் பிணங்களினவும் அகதிமுகாம்களினவும். விலங்கை நோக்கும் நிதானம் ஒரு சமூகத்துக்கு வாய்ப்பதற்கும் பொருளியல், அரசியல் நிபந்தனைகள் உள என்பதை நாம் பாடநூலிற் கற்கவில்லை.

இப்பின்னணியிலேயே 2020இல் வெளியாகி உலகெங்கும் பரவிய ஒளிப்படத் தொகுதியை நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன், அம்பாறை மாவட்டத்து ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் மேயும் யானைக் கூட்டத்தைப் படமெடுத்தார். வாவியின் தென்கோடியில் உள்ள கல்முனை உட்பட, காரைதீவு, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் கழிவு அங்கு கொட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் 2008இல் அமைந்த இந்நிலையத்தைச் சூழ இருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதுற்றது. அது திருத்தப்படவில்லை. எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கு பிளாஸ்ரிக் உண்டு இறந்தன என 2022இல் செய்தி வெளியாயிற்று.

இப்படங்களின் வலிமை எதில் உள்ளது? ஒளியமைப்பிலோ கணத்தேர்விலோ இவற்றை விஞ்சும் யானைப் படங்கள் பல உண்டு. இங்கு பின்புலம் துப்புரவாக இல்லை, பின்புலமே பொருளாகிவிட்டது. யானையின் வாய்க்குட் செல்லும் பொலித்தீன் பை ஒரு பண்டத்தின் பிணம். எங்கோ உற்பத்தியாகி, யாரோ இலாபம் பெற்று, ஒரு வீட்டில் ஒரு நிமிடம் பயன்பட்டு, யானையின் குடலில் அது முடிகின்றது. உற்பத்தி, பரிமாற்றம், நுகர்வு என நூல்களில் நாம் விளக்கும் சுற்று இங்கு ஓர் உடலைப் பெறுகின்றது. காட்டு விலங்கு என்றும் நகரக் கழிவு என்றும் நாம் பிரித்துவைத்த இரண்டும் ஒரே சட்டகத்தில் நிற்கையில், பூங்காப் படிமம் சரிகின்றது. இவ்விடத்தில் யானை மீண்டும் கருப்பொருளாகின்றது. அதன் நிலமும் உணவும் அங்கு நடைபெறும் தொழிலும் உடன் தெரிகின்றன. ஆனால் திணை மட்டும் பெயரற்றது.

எனினும் இப்படங்கள் தம்மளவில் முழுமையானவை என்று கூறுவதற்கில்லை. குரூப் தொழிற்சாலையின் ஒளிப்படம் ஒன்று அத்தொழிற்சாலை பற்றி ஏறக்குறைய எதையும் கூறாது என்ற பிரெக்ற்றின் கருத்தை வோல்ரர் பெஞ்சமின் 1931இல் எடுத்தாண்டார். படத்தின்கீழ் எழுதப்படும் சொல் இனி இன்றியமையாததாகும் என்பது அவர் கண்ட முடிவு. பள்ளக்காட்டுப் படங்களைக் கண்ட தூரதேசத்தவர், இவ்வூர்களின் தமிழரும் முஸ்லிம்களும் ஒழுங்கற்றவர், இரக்கமற்றவர் என்று முடிவுகட்டுதல் எளிது. படத்தில் இல்லாதது யாது? கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கரையிலே ஒருவர்மேல் ஒருவராக நெருங்கி வாழும் மக்களுக்குக் கழிவைக் கொட்ட ஒரு துண்டு நிலமும் இல்லை என்பது. மேற்கேயுள்ள நிலம் குடியேற்றத் திட்டத்துக்கும் கரும்புக்கும் வனத்திணைக்களத்துக்கும் படைமுகாமுக்கும் போய், எஞ்சிய காட்டின் ஓரமே குப்பைக்குக் கிடைத்தது என்பது. குப்பைமேடு நிலப்பங்கீட்டின் விளைவு. இதனை யானையின் முகத்தில் வாசிக்க இயலாது; எவரேனும் எழுதியே தீரவேண்டும். இலக்கிய மாணவருக்கு ஒளிப்படத்துறையில் வேலை உண்டு எனின் அது இதுவே.

இரக்கத்தை மட்டும் எழுப்பும் படத்தை வலிமையானதென ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2025 பெப்ரவரியில் கொழும்பு - மட்டக்களப்புப் பாதையில் ஹபரணைக்கு அண்மையில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் மடிந்தன. காயமுற்ற குட்டியின் அருகே மற்றொரு யானை நின்ற காட்சி நாடெங்கும் பகிரப்பட்டது. கண்கலங்காதவர் இலர். மறுநாட் செய்தித்தாள்களிலோ முன்னே விலங்கின் உடல், பின்னே பொறி, சுற்றிலும் நோக்குவோர் என்ற அமைப்பு மீண்டது. துப்பாக்கி ஏந்தியவர் மறைந்துவிட்டார் என்பதைத் தவிர அது பழைய வேட்டைப் படத்தின் அமைப்பே. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நூற்றைம்பதுக்குக் குறையாத மனிதரும் நானூற்றைம்பதுக்குக் குறையாத யானைகளும் இம்மோதலில் இறந்தனர். இவ்விரு தொகைகளையும் ஒருங்கே உணர்த்தும் படம் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. யானை இறந்தால் யானைமட்டும் படத்தில். விவசாயி இறந்தால் அடையாள அட்டையின் சிறுபடம் மட்டும்.

வெல்லாவெளியிலும் உன்னிச்சையிலும் வேளாண்மை விளையும் மாதங்களில் இராக்காவல் இருப்போர் உள்ளனர். மரக்கிளையிற் கட்டிய பரண், கையில் மின்சூள், யானைவெடிகள் சில, தேநீர்ப் போத்தல், கீழே கதிர்விட்ட வயல். வயற்சொந்தக்காரரான போடியார் ஊரில் உறங்க, கூலிக்கும் குத்தகைக்கும் செய்பவரே பரணில் விழித்திருப்பதும் உண்டு. அவர் செவிகொடுத்திருப்பது கிளைமுறியும் ஓசைக்கு. அப்பரணை, அவ்விருளை, இன்னும் வராத யானையை எதிர்நோக்கும் அம்முகத்தை எவரேனும் படமெடுப்பின், ஒரு விலங்கும் தோன்றாத அப்படத்தை இப்பிரதேசத்தின் வலிமைமிக்க விலங்கு ஒளிப்படங்களுள் ஒன்றாக வைக்க நான் தயங்கேன்.

பழைய படங்களிலும் தேடவேண்டியவை உள. உழவு இயந்திரம் வருமுன் களவெட்டியில் எருமைகள் இரவிரவாகச் சூடுமிதித்தன. அக்களத்துக்கெனத் தனிப்பேச்சும் இருந்தது. அப்பேச்சைச் சேகரித்தோர் உளர். அவ்வெருமைகளும் அவற்றை வளைத்த மனிதரும் நின்ற படங்கள், கலையென எவரும் கருதாது எடுத்தவை, ஊரார் வீட்டுப் பெட்டிகளிலும் சிறு ஒளிப்பட நிலையங்களின் எதிர்மறைத் தகடுகளிலும் இருந்திருக்கவேண்டும். 1990இன் இடப்பெயர்விலும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையிலும் கரையோர வீடுகளின் படத்தொகுப்புகள் பெருவாரியாக அழிந்தன. படுவான்கரை வீடுகளில் எஞ்சியவற்றைப் பிரதியெடுத்து, படத்திலுள்ள மாட்டின் குறிசுட்ட அடையாளத்தையும், முல்லைக்காரனின் பெயரையும், வட்டையின் பெயரையும் கேட்டு எழுதிவைக்கும் வேலையைத் தமிழ்ச் சங்கத்தின் மாணவர் சிலர் அடுத்த விடுமுறையில் தொடங்கலாம். கேட்டுச் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் சிலர் உளர்.